அத்தியாயம் 4: முதலாண்டின் மூன்று பாடங்கள்

ரேடியோகிராபி படிப்பில் சேர்ந்த முதல் வாரத்திலேயே, ஒவ்வோர் ஆண்டும் யாராவது ஒரு மாணவர் என்னிடம் வந்து இதைக் கேட்டுவிடுவார்: "சார், பிளஸ் டூவோட பிசிக்ஸ் முடிஞ்சிடும்னு நெனச்சேன். இங்கயும் அதேதானா? சைக்காலஜி வேற வெச்சிருக்காங்க. எக்ஸ்ரே எடுக்கத் தெரிஞ்சா போதாதா?"

நியாயமான கேள்விதான். சேரும்போது நம் மனதில் இருப்பது இயந்திரம், மேசை, படம். கால அட்டவணையிலோ இயற்பியல், வேதியியல், உடற்கூறு, உளவியல் என்று வரிசையாக நிற்கும். சில பாடத்திட்டங்களில் உளவியல் தனித்தாள். சிலவற்றில் நோயாளி பராமரிப்புத் தாளுக்குள் ஒரு பகுதி. எப்படி வந்தாலும் இயற்பியல், உளவியல், ரேடியோகிராபி மூன்றும் ஒரே வேலையின் மூன்று பக்கங்கள். இதைப் புரிந்துகொண்டு படிப்பவருக்கு இரண்டாம் ஆண்டு எளிதாகிவிடும். இந்த அத்தியாயம் அதற்காகவே.

ஒரு நெஞ்சுப் படத்தில் மூன்று பாடமும்

மூன்று வாரமாக இருமல் என்று ஐம்பத்தைந்து வயது அம்மா ஒருவர் நெஞ்சு எக்ஸ்ரேக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அறைக்குள் நீங்கள் செய்ய வேண்டியவற்றை வரிசையாகப் பாருங்கள்.

முதலில் பெயரையும் வயதையும் அவர் வாயாலேயே சொல்லச் சொல்லிச் சீட்டோடு ஒப்பிட வேண்டும். "நீங்க லட்சுமிதானே?" என்று கேட்டால், காது மந்தமானவரும் பதற்றத்தில் இருப்பவரும் தலையாட்டிவிடுவார்கள். "உங்க பேர் என்னம்மா?" என்று கேட்பதே சரி.

அடுத்து உடை, நகை. ரவிக்கையில் ஊக்கு, கழுத்தில் சங்கிலி, முன்னால் போட்டிருக்கும் பின்னல் எல்லாமே படத்தில் விழும். தலைமுடி எப்படி விழும் என்று நினைக்காதீர்கள். அடர்ந்த பின்னல் நுரையீரலின் மேல் நுனியில் நிழலாக விழுந்து நோய் போலவே தோன்றும். பின்னலைத் தூக்கிக் கொண்டை போடச் சொல்ல வேண்டும்.

பிறகு நிறுத்தும் முறை. நெஞ்சு, படம் பதிவாகும் பக்கி ஸ்டாண்டை ஒட்டியிருக்க வேண்டும். தாடை மேலே, கைகள் இடுப்பில், தோள்கள் முன்னோக்கி. தோளை முன்னால் தள்ளினால்தான் தோள்பட்டை எலும்பு நுரையீரலை விட்டு விலகும். டியூப் 180 செ.மீ. தூரத்தில். வலப்பக்க மார்க்கர் வைத்தாயிற்றா? கதிர் விழும் இடத்தைக் காட்டும் கலிமேட்டர் வெளிச்சச் சதுரம் தேவையான அளவுக்குச் சுருங்கியதா? கன்சோலில் 110 முதல் 120 கிலோவோல்ட். "மூச்ச நல்லா இழுங்க, அப்படியே பிடிங்க." எக்ஸ்போஷர். "விடுங்கம்மா, அவ்வளவுதான்."

படத்தில் பின்புற விலா எலும்புகள் பத்து வரை எண்ண முடிந்தால் மூச்சு சரியாக இழுக்கப்பட்டிருக்கிறது.

மூன்று நிமிடம்கூட ஆகாத இந்த வேலையில் எது எந்தப் பாடம்? நெஞ்சை ஸ்டாண்டோடு ஒட்ட வைத்ததும் 180 செ.மீ. தூரம் வைத்ததும் இதயம் பெரிதாகித் தெரியாமல் இருக்க, அது இயற்பியல். அவர் பயப்படாமல் மூச்சைப் பிடித்து நின்றது உளவியல். தோள்பட்டை விலகியதும் விலா எண்ணியதும் ரேடியோகிராபி. மூன்றில் ஒன்று தவறினாலும் படத்தை மறுபடி எடுக்க வேண்டியிருக்கும். அதாவது அந்த அம்மா இரண்டாம் முறை கதிர்வீச்சு வாங்க வேண்டியிருக்கும்.

இயற்பியல்: எதைப் பிடித்துக்கொள்வது

எக்ஸ்ரேயைக் கண்டறிந்தவர் மருத்துவர் அல்லர், இயற்பியல் பேராசிரியர். ஜெர்மனியின் வூர்ஸ்பர்க் நகரில் 1895 நவம்பர் 8 அன்று வில்ஹெல்ம் ரோன்ட்கன் அந்தக் கதிரைக் கவனித்தார். அதே ஆண்டு டிசம்பர் 22 அன்று தம் மனைவியின் கையைப் படமெடுத்தார். விரல் எலும்புகளும் மோதிரமும் அதில் தெரிந்தன. 1901இல் இயற்பியலுக்கான முதல் நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. நம் துறை பிறந்ததே இயற்பியல் ஆய்வகத்தில்தான்.

முதலாண்டு இயற்பியலில் எல்லாமே முக்கியம் என்று சொல்லிவிடலாம். ஆனால் கீழே உள்ள நான்கையும் முதலில் உறுதியாக்கிக்கொள்ளுங்கள். மற்றவை இவற்றோடு ஒட்டிக்கொள்ளும்.

ஒன்று, டியூபுக்குள் நடப்பது. சூடான இழையிலிருந்து எலக்ட்ரான்கள் கிளம்புகின்றன. உயர் மின்னழுத்தம் அவற்றை விரட்டி டங்ஸ்டன் இலக்கில் மோதவிடுகிறது. மோதும் ஆற்றலில் ஏறத்தாழ 99 விழுக்காடு வெறும் வெப்பமாகப் போய்விடும். எக்ஸ்ரேயாக மாறுவது ஒரு விழுக்காடு அளவுதான். அதனால்தான் உருகுநிலை 3,422 டிகிரி செல்சியஸ் உள்ள டங்ஸ்டன். அதனால்தான் இலக்குத் தட்டு சுழல்கிறது. எக்ஸ்போஷர் பொத்தானை இரண்டு கட்டமாக அழுத்துவதைப் பயிற்சியில் பார்ப்பீர்கள். முதல் அழுத்தத்தில் இழை முழுச் சூடேறும், தட்டு வேகம் பிடிக்கும். "கிர்" என்ற சத்தம் கேட்கும். இரண்டாம் அழுத்தத்தில்தான் கதிர் வரும். மூச்சை எப்போது பிடிக்கச் சொல்வது என்பதை இந்தச் சத்தத்தோடு சேர்த்துப் பழக வேண்டும்.

இரண்டு, எதிர்த்தகவு இருமடி விதி. தூரம் இரண்டு மடங்கானால் கதிரின் செறிவு நான்கில் ஒன்றாகும். மூன்று மடங்கானால் ஒன்பதில் ஒன்று. இதை வாய்ப்பாடாக மனப்பாடம் செய்யாமல் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 செ.மீ. தூரத்தில் 10 எம்ஏஎஸ் (கதிரின் அளவு, விளக்கம் அடுத்ததில்) கொடுத்து நல்ல படம் கிடைத்தது. அதே படத்தை 180 செ.மீ. தூரத்தில் எடுக்க எவ்வளவு வேண்டும்? 180ஐ 100ஆல் வகுத்தால் 1.8. அதன் இருமடி 3.24. ஆக 32.4 எம்ஏஎஸ். இதே விதிதான் உங்களையும் காப்பாற்றும். வார்டில் மொபைல் எக்ஸ்ரே எடுக்கும்போது நோயாளியின் உடலிலிருந்து கதிர் சிதறும். ஒரு மீட்டரில் நின்றவர் இரண்டு மீட்டருக்குத் தள்ளி நின்றாலே தம் மேல் படுவது கால்பங்காகிவிடும். இதற்குச் செலவு ஓர் எட்டுதான்.

மூன்று, கேவியும் (கிலோவோல்ட்) எம்ஏஎஸ்ஸும். கேவி கதிரின் ஊடுருவும் வலிமை. எம்ஏஎஸ் கதிரின் அளவு. மின்னோட்டத்தை நேரத்தால் பெருக்கினால் எம்ஏஎஸ்: 200 மில்லிஆம்பியர், 0.1 விநாடி என்றால் 20. கேவியைப் பதினைந்து விழுக்காடு உயர்த்தினால், எம்ஏஎஸ்ஸை இரட்டிப்பாக்கிய பலன் கிடைக்கும் என்பது துறையின் நடைமுறை விதி. 70 கேவியை 80 ஆக்கினால் எம்ஏஎஸ்ஸைப் பாதியாகக் குறைக்கலாம். வலியில் அசைந்துகொண்டே இருக்கும் நோயாளிக்கு நேரத்தைக் குறைக்க இது உதவும். படத்தின் கான்ட்ராஸ்ட் சற்றுக் குறையும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

நான்கு, அணு எண். எலும்பு ஏன் வெள்ளையாக விழுகிறது? அதிலுள்ள கால்சியத்தின் அணு எண் 20. தசையில் உள்ள கார்பன், ஆக்சிஜன் எல்லாம் 6, 8 என்ற அளவில். ஒளிமின் விளைவால் கதிர் உறிஞ்சப்படுவது ஏறத்தாழ அணு எண்ணின் முப்படிக்கு ஏற்ப உயரும். அயோடின் 53, பேரியம் 56, ஈயம் 82 என்ற எண்களை இதோடு பொருத்திப் பாருங்கள். கான்ட்ராஸ்ட் மருந்தும் ஈய ஏப்ரனும் எதற்கு என்பது தானே விளங்கும்.

வேதியியலுக்கும் இங்கே இடமுண்டு. கரையும் பேரியம் உப்புகள் நஞ்சு. அப்படியிருக்க, உணவுக்குழாய்ப் பரிசோதனைக்குப் பேரியத்தை எப்படிக் குடிக்கக் கொடுக்கிறோம்? கொடுப்பது பேரியம் சல்பேட். அது நீரில் கரையாது. உடல் அதை உறிஞ்சாது. வந்த வழியே வெளியேறிவிடும். பிளஸ் ஒன்னில் படித்த கரைதிறன் பாடம் ஒரு மனிதரின் வயிற்றுக்குள் வேலை செய்வதைப் பார்க்கும்போது அந்தப் பாடத்தின் மேல் புது மதிப்பு வரும்.

உளவியல்: எதிரே நிற்பவர் மனிதர்

உளவியல் அறிவியலாகத் தலையெடுத்தது 1879இல், லைப்சிக் நகரில் வில்ஹெல்ம் வுண்ட் ஆய்வகம் தொடங்கியபோது என்று பாடநூல் ஆரம்பிக்கும். பெயர்களையும் ஆண்டுகளையும் தேர்வுக்குப் படியுங்கள். கூடவே ஒவ்வொரு கோட்பாட்டையும் எக்ஸ்ரே அறைக்குள் கொண்டுவந்து பாருங்கள்.

பாவ்லவின் நாயும் மணியும் எல்லோருக்கும் தெரியும். பயமும் அதே வழியில் பழகும். 1920இல் வாட்சனும் ரேய்னரும் ஒரு குழந்தைக்கு வெள்ளை எலியைக் காட்டும்போதெல்லாம் பெரிய சத்தம் எழுப்பினார்கள். பிறகு எலியைக் கண்டாலே குழந்தை அழுதது. மென்முடி உள்ள வேறு பொருள்களுக்கும் அந்தப் பயம் பரவியது. ஒரு குழந்தையைப் பயமுறுத்திச் செய்த அந்தச் சோதனையை இன்று எந்த நெறிக்குழுவும் அனுமதிக்காது. ஆனால் அது காட்டியதை நாம் தினமும் பார்க்கிறோம். ஊசி போட்ட வெள்ளைக் கோட்டை நினைவில் வைத்திருக்கும் மூன்று வயதுக் குழந்தை, எக்ஸ்ரே அறை வாசலில் நம் கோட்டைப் பார்த்ததும் வீறிடும். கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு, குழந்தையின் உயரத்துக்குக் குனிந்து, "இந்த லைட்டப் பாரு, உன் கையில விழுது பாரு" என்று கலிமேட்டர் வெளிச்சத்தில் விளையாட விட்டால் பல நேரம் அழுகை அடங்கிவிடும்.

1956இல் ஜார்ஜ் மில்லர், குறுகிய கால நினைவில் ஒரே சமயத்தில் ஏழு விஷயம், கூடக்குறைய இரண்டு, நிற்கும் என்று எழுதினார். அதுவும் அமைதியான சூழலில். காய்ச்சலும் பயமுமாக நிற்கும் முதியவரிடம் "தாடையைத் தூக்குங்க, கையை இடுப்புல வைங்க, தோள முன்னாடி தள்ளுங்க, மூச்ச இழுத்துப் பிடிங்க" என்று ஒரே மூச்சில் சொன்னால் கடைசி ஒன்றுதான் மிஞ்சும். ஒன்றைச் சொல்லுங்கள், அவர் செய்ததும் அடுத்ததைச் சொல்லுங்கள்.

நம் ஊருக்கே உரிய ஒரு சூழலையும் சொல்ல வேண்டும். தாலிச் சங்கிலி. "அதக் கழட்டுங்க" என்று வெடுக்கென்று சொன்னால் அந்த அம்மாவின் முகம் மாறிவிடும். கை சங்கிலியை இறுகப் பிடித்துக்கொள்ளும். அதை மூடநம்பிக்கை என்று எண்ணிக் கடிந்துகொள்பவர் உளவியலில் தொண்ணூறு வாங்கியிருந்தாலும் பயனில்லை. இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "அம்மா, இந்தச் சங்கிலி படத்துல விழுந்து நெஞ்ச மறச்சிடும். டாக்டருக்குத் தெரியாமப் போயிடும். வெறும் மஞ்சக் கயிறு தர்றேன், அதக் கட்டிக்கிட்டு இதக் கழட்டி உங்க மககிட்டக் குடுத்திடுங்க. ரெண்டு நிமிஷம்தான்." பெரும்பாலும் அடுத்த நொடியே ஒத்துக்கொள்வார்கள். ஒரு கண்டு மஞ்சள் கயிறு வாங்கி அறையில் வைத்திருங்கள். அதைவிட மலிவான உபகரணம் எந்த ரேடியாலஜி பிரிவிலும் கிடையாது.

பெண்களிடம் கர்ப்ப வாய்ப்பைப் பற்றியும் கடைசி மாதவிலக்குத் தேதியைப் பற்றியும் கேட்பது கட்டாயம். கேட்கும் விதம்தான் கல்வி. வரிசையில் எல்லோர் முன்னிலும் உரக்கக் கேட்கக் கூடாது. கதவுக்கு உள்ளே, தாழ்ந்த குரலில், "வயித்துல எக்ஸ்ரே படற எல்லாப் பெண்கள்கிட்டயும் இதக் கேக்கறது விதிம்மா" என்று தொடங்கினால் யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஆண் மாணவர்கள் பெண் நோயாளியை நிறுத்தும்போது ஒரு பெண் ஊழியரோ உறவினரோ உடனிருக்கச் செய்வதும், தொடுவதற்கு முன் சொல்லிவிட்டுத் தொடுவதும் முதல் நாளிலிருந்தே பழக்கமாக வேண்டும்.

ரேடியோகிராபி: கண்ணும் கையும் பழகும் பாடம்

ரேடியோகிராபிக்கு அடித்தளம் எலும்புகள். 206 எலும்பையும் ஒரே வாரத்தில் விழுங்க முயலாதீர்கள். கையிலிருந்து தொடங்குங்கள்: மணிக்கட்டில் 8, உள்ளங்கையில் 5, விரல்களில் 14, மொத்தம் 27. உங்கள் கையையே தொட்டுத் தொட்டுப் படிக்கலாம். பிறகு முதுகெலும்பு: கழுத்தில் 7, மார்பில் 12, இடுப்பில் 5. தொட்டு அறியும் அடையாளங்கள் இங்கே முக்கியம். கழுத்தைக் குனிந்தால் பின்னால் துருத்தி நிற்கும் எலும்பு பொதுவாக ஏழாவது கழுத்தெலும்பு. இடுப்பு எலும்பின் மேல்விளிம்பு ஏறத்தாழ நான்காவது இடுப்பு முள்ளெலும்பின் மட்டம். கதிரின் மையத்தைச் சரியான இடத்தில் வைக்கும் சென்ட்ரிங்குக்கு இவைதான் அளவுகோல்.

நிலைப்படுத்துவதைத் தோழர்கள் மீது பழகுங்கள். ஒருவர் நோயாளி, ஒருவர் தொழில்நுட்பர், ஒருவர் கவனித்துத் தவறு சொல்பவர் என்று மூவராகப் பிரிந்துகொள்ளலாம். ஒரு விதி: பயிற்சிக்காக எந்த மனிதர் மீதும் கதிர் செலுத்தக் கூடாது. வெளிச்சம் வரை மட்டுமே. கதிரோடு பழக ஃபான்டம் என்ற மாதிரி உடல் இருக்கிறது.

பாதுகாப்பைப் படிக்கும்போது கிளாரன்ஸ் டாலி என்ற பெயரைக் காண்பீர்கள். எடிசனின் உதவியாளர். எக்ஸ்ரேயின் ஆபத்து தெரியாத காலத்தில் அந்தக் கதிருக்கு முன்னால் கையை நீட்டி நீட்டிச் சோதித்தவர். கைகளை வெட்டியெடுத்தும் புற்றுநோய் விடவில்லை, 1904இல் இறந்தார். இன்று நமக்கு வரம்புகள் உண்டு. இந்தியாவில் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் கதிர்வீச்சுப் பணியாளருக்கு வைத்திருக்கும் வரம்பு, ஐந்தாண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட். எந்தத் தனி ஆண்டிலும் 30ஐத் தாண்டக் கூடாது. பயிற்சி மாணவருக்கு ஆண்டுக்கு 6. பொதுமக்களுக்கு 1.

நீங்கள் வாங்கும் கதிர்வீச்சை அளக்கும் டிஎல்டி பேட்ஜை மார்பில், ஈய ஏப்ரனுக்கு உள்ளே அணியுங்கள். தோழருக்கு இரவல் கொடுக்காதீர்கள். எக்ஸ்ரே அறையிலேயே விட்டுச் செல்லாதீர்கள். அப்படி விட்டால் அடுத்த அறிக்கை உங்கள் உடலின் கணக்கைச் சொல்லாது, சுவரின் கணக்கைச் சொல்லும். ஏப்ரனை மடித்து வைத்தால் உள்ளே இருக்கும் ஈயப் படலம் விரிசல் விடும். மாட்டித்தான் வைக்க வேண்டும்.

எம்ஆர்ஐ அறைக்குப் பயிற்சிக்குப் போகும்போது ஒரு கணக்கை நினைவில் கொள்ளுங்கள். 1.5 டெஸ்லா காந்தம் பூமியின் காந்தப்புலத்தைப்போல் ஏறத்தாழ 30,000 மடங்கு வலிமையுள்ளது. ஸ்கேன் நடக்காதபோதும் அது உயிரோடுதான் இருக்கும். சாவி, கத்தரிக்கோல், ஆக்சிஜன் உருளை எதுவும் வாசலைத் தாண்டக் கூடாது.

படிக்கும் முறை

தமிழ்வழியில் படித்து வந்தவர்களுக்கு முதல் மூன்று மாதம் தடுமாற்றமாக இருக்கும். பாடம் தெரியும், பெயர்தான் தெரியாது. ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, பக்கத்தை இரண்டாகப் பிரியுங்கள். இடப்பக்கம் பள்ளியில் படித்த தமிழ்ச் சொல்: மின்னழுத்தம், அணு எண், சிதறல், மார்பெலும்பு. வலப்பக்கம் கல்லூரியில் கேட்கும் சொல். நாளுக்குப் பத்து எழுதினால் மூன்று மாதத்தில் அந்த நோட்டே தேவைப்படாது. தமிழில் புரிந்துகொண்டதைக் குறையாக எண்ண வேண்டாம். நோயாளியிடம் நீங்கள் பேசப்போவது தமிழில்தான்.

மறதியைப் பற்றி 1885இல் எபிங்ஹாஸ் வெளியிட்ட ஆய்வு உங்கள் உளவியல் பாடத்திலேயே வரும். படித்தது முதல் நாளிலேயே வேகமாக மறக்கும். பிறகு மறதியின் வேகம் தணியும். அதை உங்கள் மேலேயே பயன்படுத்துங்கள். அன்று நடந்த பாடத்தை அன்றிரவே இருபது நிமிடம், மூன்றாம் நாள் பத்து நிமிடம், வார இறுதியில் மீண்டும் பத்து நிமிடம். தேர்வுக்கு முந்தைய இரவு முழுக்கக் கண்விழிப்பதைவிட இது நிற்கும்.

இயற்பியலுக்குத் தினம் இரண்டு கணக்கு. ரேடியோகிராபிக்குத் தினம் ஒரு நிலை. தூரம், சென்ட்ரிங், கேவி, படத்தில் தெரிய வேண்டியவை என்று நான்கு வரி. உளவியலுக்குத் தினம் ஒரு நோயாளி: இன்று பார்த்தவர் எதற்குப் பயந்தார், எந்தச் சொல் அவரைச் சமாதானப்படுத்தியது என்று இரண்டு வரி. ஆண்டு முடிவில் இந்தத் தினக்குறிப்பு நோட்டு எந்தப் பாடநூலிலும் இல்லாத பாடமாக இருக்கும். நோயாளியின் பெயரை மட்டும் அதில் எழுத வேண்டாம்.

என் தவறு ஒன்று

பயிற்சிக் காலத்தில் ஒரு பெரியவரின் முழங்கால் படத்தில் மார்க்கரை மாற்றி வைத்துவிட்டேன். வலி வலக்காலில், படத்தில் இடம் என்று இருந்தது. அன்று மேற்பார்வை பார்த்த மூத்தவர் படம் வெளியே போகுமுன் பிடித்துவிட்டார். அவர் திட்டவில்லை. அந்தப் பெரியவரிடம் என்னை அழைத்துப் போய், "இவருக்கு எந்தக் கால் வலிக்குதுன்னு நீயே கேள்" என்றார். கேட்டேன். அன்றிலிருந்து மார்க்கரைத் தொடும் ஒவ்வொரு முறையும் வாய்விட்டு "வலமா, இடமா" என்று நோயாளியையே கேட்கிறேன். நீங்களும் கேளுங்கள்.

சேருமுன் பார்க்க வேண்டியவை

இன்னும் சேராதவர்களுக்கு ஒரு சொல். சென்னையில் 1934இலேயே பர்னார்ட் கதிரியல் நிறுவனம் தொடங்கப்பட்ட மாநிலம் நம்முடையது. முறையான கல்வி இங்கே உண்டு. ஆகவே "ஆறு மாதத்தில் எக்ஸ்ரே டெக்னீஷியன்" என்ற பலகையை நம்பிப் பணம் கட்டாதீர்கள். படிப்பு எந்தப் பல்கலைக்கழகத்தின் அங்கீகாரம் பெற்றது, பயிற்சிக்கு எந்த மருத்துவமனை, மாணவருக்கு டிஎல்டி பேட்ஜ் தருகிறார்களா, இயந்திரத்துக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமம் உண்டா என்ற நான்கையும் எழுத்தில் கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கும் இடத்தில் சேர வேண்டாம்.

சேர்ந்துவிட்டவர்கள் மூன்று பாடத்தில் எதையும் இரண்டாந்தரமாக நினைக்க வேண்டாம். நாளை உங்கள் அறைக்கு வரப்போகும் அந்த அம்மாவுக்கு உங்கள் மதிப்பெண் தெரியாது. ஒரே எக்ஸ்போஷரில் நல்ல படமும், பயமில்லாமல் வீடு திரும்பும் நிம்மதியும் அவருக்குக் கிடைக்க வேண்டும். அதற்காகப் படியுங்கள்.